ஏழு சைக்கிளும் ஒரு மாந்தோப்பும்

சென்ற கார்த்திகை மாதத்தில் ராஜபாளையத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் இரண்டு குழந்தைகளுக்குத் தாயார். கடிதத்தின் சாரம் இதுதான்:

"நாங்கள் இங்கே ஐந்து பெண்கள் ஆளுக்கொரு சைக்கிள் வைத்திருக்கிறோம். கடைக்கும் வேலைக்கும் அதில்தான் போகிறோம். ஊருக்கு மேற்கே மலை இருக்கிறது. மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போதெல்லாம் கண்ணுக்கு நேராக நிற்கிறது. பதினேழு வருஷமாகத் துணி உலர்த்திக் கொண்டே அதைப் பார்த்தாயிற்று. ஒரே ஒரு தடவை அடிவாரத்தை ஒட்டி எல்லோருமாகச் சைக்கிளில் போய் வர வேண்டும் என்று ஆசை. எப்படி ஏற்பாடு செய்வது என்றுதான் தெரியவில்லை. வீட்டு ஆண்கள் சிரிக்கிறார்கள். என் மாமியார் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது."

கடைசி வரியைப் படித்ததும் அன்றைக்கே ரயில் ஏறிவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். ஒரு பதில்தான் போட்டேன். "மழைக் காலம் முடியட்டும். தை பிறக்கட்டும். அதற்குள் ஐந்து சைக்கிளையும் கடையில் விட்டுப் பழுது பார்த்து வையுங்கள்" என்று எழுதினேன். பத்தே நாளில் மறு கடிதம் வந்துவிட்டது. "சைக்கிள்கள் தயார். தாங்களும் வருகிறீர்கள் அல்லவா?"

நான் சைக்கிளை விட்டுப் பதினான்கு வருஷம் ஆகிறது. கல்லூரிக்குப் போன நாளோடு சரி. இதை என் கணவரிடம் சொன்னேன். அவரும் சிரிக்கவில்லை. "இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டியாகிவிட்டதா?" என்று மட்டும் விசாரித்தார்.

மலைச் சைக்கிள் என்றால் என்ன, நம் தெருப் பால்காரர் மிதிக்கிற சைக்கிளுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். அதன் டயர் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் அகன்றிருக்கும். மேலெல்லாம் கட்டை கட்டையாகப் பல் வைத்திருக்கும். கைப்பிடி நேராக இருக்கும். முன் சக்கரத்தைத் தாங்கும் கவையில் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். கியர் உண்டு. மண்ணிலும் சரளையிலும் வேர் முடிச்சுகளின் மேலும் போவதற்கென்று பிறந்த வண்டி அது.

பிறந்த கதையும் வேடிக்கையானதுதான். கலிபோர்னியாவில் மரின் என்ற பகுதியில் டமல்பாயிஸ் என்று ஒரு மலை. 1970-களில் அங்கே சில இளைஞர்கள், 1930-களில் செய்த கனத்த பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைப் பாதைக்குத் தள்ளிக் கொண்டு போய், உச்சியிலிருந்து உருண்டு வருவதையே பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள். 1976 அக்டோபர் 21-ஆம் தேதி அதையே பந்தயமாக நடத்தினார்கள். கீழே வந்து சேருவதற்குள் பின் சக்கரத்துப் பிரேக் சூடேறி, உள்ளேயிருக்கும் கிரீஸ் முழுவதும் புகைந்து போய்விடுமாம். ஒவ்வொரு தடவையும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபாக்' என்று பெயர் வந்தது; மறுபடியும் அடைப்பது என்று அர்த்தம். அடுத்த வருஷமே ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்று தனியாக ஒரு பிரேம் செய்தார். அந்தக் கூட்டத்தில் வெண்டி கிராக் என்ற பெண்மணியும் இருந்தார். தாமும் ஓட்டிக் கொண்டு, மற்றவர்களைப் படமும் எடுத்தார். அந்த ஆரம்ப நாட்களைப் பற்றி இன்று உலகம் கண்ணால் பார்க்கிற படங்களில் பெரும்பாலானவை அந்த அம்மாளின் காமிராவிலிருந்து வந்தவை. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் மலைச் சைக்கிள் முதன்முதலாக இடம் பெற்றது. பெண்கள் பிரிவில் இத்தாலியைச் சேர்ந்த பவுலா பெட்ஸோ தங்கப் பதக்கம் வாங்கினார். நமக்குப் பக்கத்திலும் வந்தாயிற்று. 2023-இல் ஆசியப் போட்டி நடந்தது எங்கே தெரியுமா? திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில். ராஜபாளையத்து மொட்டை மாடியிலிருந்து தெரிகிறதே, அதே மலைத் தொடரின் தென்கோடிப் பக்கந்தான்.

பெண்களும் சைக்கிளும் என்று வந்தால், கலிபோர்னியா வரைக்கும் போக வேண்டியதே இல்லை. நம் புதுக்கோட்டை போதும். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியபோது, அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுப்பதையும் அதில் ஒரு பாடமாகச் சேர்த்தார். சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடாயிற்று. ஒன்றரை வருஷத்துக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக் கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதைத்தான் விரும்பி வாங்கினார்கள். ஏன் தெரியுமா? சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள பார் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக் கொள்ளலாம் அல்லவா! ஊர் பேசத்தான் பேசியது. அவர்கள் தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக் கொண்டு போய்விட்டார்கள்.

போகட்டும், ராஜபாளையத்துக்கு வருவோம்.

தை மாதத்து ஒரு சனிக்கிழமை பிற்பகல் நான் போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் ஐந்து பேரும் காத்திருந்தார்கள். கடிதம் எழுதிய சகோதரி, கணக்கு டீச்சர் ஒருவர், நூல் மில்லில் வேலை பார்க்கும் பெண், பாங்கி உத்தியோகஸ்தர், தையற்கடை வைத்திருக்கும் அம்மாள். ஆறாவதாக, சகோதரியின் மகள். பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சர்க்கார் இலவசமாகக் கொடுத்த சைக்கிள் அவளுடையது. கியர் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. மற்றவற்றில் மூன்று கியர் வைத்த மலைச் சைக்கிள்கள். இரண்டு சாதாரண லேடீஸ் சைக்கிள்கள். எனக்கு யாரோ ஒரு தம்பியுடையதை இரவல் வாங்கி வைத்திருந்தார்கள்.

மாமியார் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொண்டிருந்தார். "வாங்கம்மா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

தரையில் ஒரு படத்தை விரித்து வைத்துக் கொண்டு, எங்கே போவது என்ற பேச்சை ஆரம்பித்தோம். மில் பெண் எடுத்த எடுப்பில் சொன்னார்: "அய்யனார் கோவிலுக்குப் போவோம்க்கா. ஆறாவது மைல் அணையைத் தாண்டினா அருவி இருக்கு." பாங்கி அம்மாள் செண்பகத்தோப்பு என்றார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரம். உள்ளே காட்டழகர் கோவில். இரண்டும் கண்ணுக்குக் குளிர்ச்சியான இடங்கள்தான். ஆனால் இரண்டுமே காட்டின் வாசல்கள்.

இந்த இடத்தில் நேயர்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். எத்தனையோ பேர் இதைச் சரியாகத் தெரிந்து கொள்ளாமல் கிளம்பிவிடுகிறார்கள். அந்த மலைக் காட்டை 1988-இல் சரணாலயமாக்கினார்கள். யாருக்காக? சாம்பல் நிற மலை அணிலுக்காக. 2021-இல் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் என்று ஆயிற்று. தமிழ்நாட்டில் அது ஐந்தாவது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். புலி, சிறுத்தை, கரடி, யானை எல்லாம் குடியிருக்கிற இடம். அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம். 2024 அக்டோபரில் அரசாங்கமே நாற்பது மலையேற்றப் பாதைகளைத் திறந்து, வழிகாட்டியுடன் அழைத்துப் போக ஏற்பாடு செய்தது. செண்பகத்தோப்பும் அதில் உண்டு. ஆனால் அது நடந்து போகிறவர்களுக்கு. சைக்கிளைத் தள்ளிக் கொண்டு போய்ச் செக்போஸ்டில் வாதாடுவதில் பயனில்லை.

"பெரிய கட்டுப்பாடா இருக்கே!" என்றார் தையற்கடை அம்மாள்.

நான் குரங்கணியை ஞாபகப்படுத்தினேன். 2018 மார்ச் 11-ஆம் தேதி. இதே மலைத் தொடரில், தேனி மாவட்டத்தில், மலையேறப் போன கூட்டம் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் மாண்டார்கள். அவர்களில் பெண்கள் பலர். காய்ந்த புல் ஆளுயரம், காற்றோ பலம், தப்பி ஓடுவதற்கு வழி இல்லை. அந்த வருஷமே அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. தீ ஒரு பக்கம் என்றால் தண்ணீர் இன்னொரு பக்கம். 2015 மே மாதத்தில் வத்திராயிருப்புக்கு மேலே சதுரகிரியில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் பலர் உயிரிழந்தார்கள். கீழே வெயில் அடித்துக் கொண்டிருக்கும்; மலை மேலே ஒரு மணி நேரம் மழை கொட்டும்; ஓடையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் கண்ணை மூடித் திறப்பதற்குள் கழுத்தளவு வந்துவிடும். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது தெரிந்த விஷயம். அதனால்தான் மாமியார்கள் சிரிப்பதில்லை.

ஊஞ்சல் சற்றே நின்று மறுபடி ஆடியது. என் பேச்சைக் கேட்டுக் கொண்டுதான் இருந்தார்.

"அப்ப நாங்க எங்கதான் போறது?" என்று பெண் கேட்டாள்.

கணக்கு டீச்சர் படத்தில் விரலை வைத்தார். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ் சாலை வழியாக ஏறக்குறைய 12 கிலோமீட்டர். லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை, அது வேண்டாம். அதற்கு மேற்கே, மலைக்கும் சாலைக்கும் நடுவில் அகலமான ஒரு பூமி கிடக்கிறது. கண்மாய்க் கரைகள், வண்டிப் பாதைகள், மாந்தோப்பு, தென்னந்தோப்பு. நடுவில் மம்சாபுரம். காட்டுக்குள் ஓர் அடிகூட வைக்காமல், வலதுபுறம் வயலும் இடதுபுறம் மலையுமாகப் போய், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிக் கொள்ளலாம். தோப்புக்காரர்களில் இரண்டு பேர் டீச்சரிடம் படித்தவர்களின் தகப்பனார்கள். "ஞாயிற்றுக்கிழமை காலையிலே உங்க தோப்பு வழியா ஏழு பேர் போறோம்" என்று அப்போதே போன் செய்து சொன்னார். சொந்தக்காரரைக் கேட்காமல் வேலியைத் திறந்து போவதைப் போல அநாகரிகம் வேறில்லை. அதிலும் ராஜபாளையத்துத் தோப்புகளில் காவலுக்கு இருப்பது எந்த ஜாதி நாய் என்று உங்களுக்குத் தெரியும். 2005-இல் தபால் தலையிலேயே இடம் பிடித்த நாய் அது!

மாம்பழக் காலமாக இருந்தால் இந்த வழியையும் நான் ஒப்புக் கொண்டிருக்க மாட்டேன். பழம் கனிந்துவிட்டால் யானை தோப்புக்கே இறங்கி வரும். தை மாதத்தில் மாமரம் பூத்துத்தான் இருக்கும். இருந்தாலும் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே கிளம்புவது என்றும், பத்து மணிக்குள் ஸ்ரீவில்லிபுத்தூரை அடைவது என்றும், வெயிலில் திரும்பி மிதிக்காமல் சைக்கிள்களை ஏற்றி வர ஒரு வண்டி பேசுவது என்றும் முடிவாயிற்று.

"குட்டி யானைக்குச் சொல்லியாச்சு அக்கா, பத்தரைக்கு வந்துடும்" என்றார் மில் பெண்.

ஊஞ்சல் திடுக்கென்று நின்றது. "யானை வருமா?"

அது சின்ன லாரிக்கு ஊரார் வைத்த பெயர் என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டோம். மாமியாரைத் தவிர.

சைக்கிள் சமாசாரம் ஒன்றிரண்டு சொல்கிறேன், உங்களுக்கும் உபயோகப்படும். அன்று மாலை சைக்கிள் கடைக்காரர் ஏழு வண்டியையும் தட்டிப் பார்த்தார். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றினார். நாங்கள் டயரில் காற்றைக் கல்லுப் போல அடித்து வைத்திருந்தோம். அவர் கொஞ்சம் இறக்கிவிட்டார். மண் பாதையில் கட்டை விரலால் அழுத்தினால் டயர் இம்மியளவு அமுங்க வேண்டும். அப்போதுதான் தரையைப் பிடிக்கும், முதுகும் தப்பும். ரொம்பவும் இறக்கினால் கல்லில் மோதி டியூப் நசுங்கிப் பஞ்சராகும். கியர் விஷயம் பாங்கி அம்மாளுக்குப் பிடிபடவே இல்லை. முன்னால் சின்னப் பல் சக்கரம், பின்னால் பெரியது என்று இருந்தால் மிதி லேசாகும், வேகம் குறையும். மேடு வரும் முன்பே மாற்றிவிட வேண்டும். பாதி மேட்டில் மூச்சு முட்டும்போது மாற்றினால் செயின் முரண்டு பண்ணிக் கழன்று விழும். தாவணியும் துப்பட்டாவும் செயினுக்கு மிகவும் பிடித்த ஆகாரம். பின் குத்தி இடுப்பில் செருகிக் கொள்ள வேண்டும். ஆறு பேர் சல்வார். தையற்கடை அம்மாள் தாமே தைத்துக் கொண்ட கால்சட்டை. ஏழு பேருக்கும் தலைக்கவசம்.

இத்தனையும் பார்த்தோம். ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. அது என் தப்பு. யார் முன்னால், யார் பின்னால் என்று பேச்சு வந்தபோது, பட்டணத்து மேதாவித்தனத்தோடு, "அதெல்லாம் எதற்கு? அவரவர் வேகத்தில் போவோம்" என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால். மலையின் நெற்றியில் வெயில் பட்டிருந்தது. அடிவாரத்தில் இன்னும் பனி. கண்மாய் நிறையத் தண்ணீர். கரை மேல் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் அறுவடைக்கு நிற்கும் நெல். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு ஏறி உட்கார்ந்த என் கால்கள் முதல் அரை மணி நேரம் என்னைத் திட்டின. பிறகு அவையே சமாதானமாகிவிட்டன. நம் சகோதரி ஒன்றும் பேசவே இல்லை. இடது பக்கம் மலையைப் பார்ப்பதும், பாதையைப் பார்ப்பதும், மறுபடி மலையைப் பார்ப்பதுமாக வந்தார். பதினேழு வருஷம் மொட்டை மாடியிலிருந்து பார்த்த மலை இப்போது கூடவே நடந்து வந்தது.

கரை முடிகிற இடத்தில் சீமைக் கருவேல முள் தன் வேலையைக் காட்டியது. தையற்கடை அம்மாளின் பின் டயர் போயிற்று. டியூபை உருவிக் கண்மாய்த் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிப் பேட்ச் ஒட்டினோம். டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்தபோதுதான் முறிந்த முள் அகப்பட்டது. அதை எடுக்காமல் மாட்டியிருந்தால் நூறு அடிக்குள் மறுபடியும் பஞ்சர்தான். மம்சாபுரத்தில் டீ குடித்தோம். ஏழு பெண்கள் தலைக்கவசத்தோடு வந்து இறங்கியதைப் பார்த்து டீக்கடைக்காரர், "எலெக்ஷனா?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் தோப்புகள். மாம்பூ மணம் மூக்கை நிறைத்தது. பாதை இரண்டாகப் பிரிவதும், மறுபடி சேர்வதுமாக இருந்தது. பாங்கி அம்மாளுக்குச் செயின் கழன்றது. எல்லோரும் இறங்கி உதவி செய்து, கைக் கரியைப் புல்லில் துடைத்துக் கொண்டு நிமிர்ந்தபோது, டீச்சர் தலைகளை எண்ணினார். ஆறு.

பெண்ணைக் காணோம்.

"முன்னாலே போயிருப்பா" என்றேன். போனோம். ஒரு கவர், இரண்டு வண்டிப் பாதை. ஒன்று கிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூரை நோக்கி. மற்றொன்று மேற்கே, மலையை நோக்கி. செல்போனை எடுத்தால் சிக்னல் இல்லை. சகோதரியின் முகத்தை நான் பார்க்கவில்லை; பார்க்கத் தைரியம் வரவில்லை. முந்தின நாள் இதே வாயால் புலி, கரடி, யானை என்று வரிசையாகச் சொன்னவள் நான்தான்.

டீச்சர் குனிந்து மண்ணைப் பார்த்தார். பனி ஈரத்தில் மெல்லிய டயர்த் தடம் ஒன்று தெரிந்தது. எங்கள் மலைச் சைக்கிளின் பல் தடம் அல்ல. சாதாரண டயரின் கோடு. மேற்கே போயிற்று.

அந்தப் பாதையில் எவ்வளவு நேரம் மிதித்தோம் என்று பிறகு கேட்டபோது ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொன்னார்கள். டீச்சரின் கடிகாரப்படி இருபது நிமிஷம். நாய் குரைக்கிற சத்தம் முதலில் கேட்டது. பிறகு ஒரு குடிசை. திண்ணையில் பெண் உட்கார்ந்து தூக்குச் சட்டியில் கஞ்சி குடித்துக் கொண்டிருந்தாள். அவள் காலடியில் பால் வெள்ளையாக ஒரு நாய். குரைத்தது எங்களைப் பார்த்து. நாங்கள் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக் கொண்டு அசையாமல் நின்றோம். நாய் துரத்தினால் மிதித்து ஓடக் கூடாது, இறங்கி நின்றுவிட வேண்டும். காவல்காரர் சம்சாரம் ஓர் அதட்டல் போட்டதும் அது வாலைச் சுருட்டிக் கொண்டு படுத்தது.

பிறகு அந்த அம்மாள் அதட்டியது எங்களை.

"என்ன தாயி, வயசுப் புள்ளய முன்னால விட்டுட்டு நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டு வாரீங்க? இதுக்கு அங்கிட்டு ஓடையத் தாண்டினா காடு. நான் மட்டும் சாணி அள்ள வெளிய வரலைன்னா இவ போய்க்கிட்டே இருந்திருப்பா." சற்று மூச்சு வாங்கிக் கொண்டு, "ஆடு மேய்க்கிறவன எங்கயாச்சும் முன்னால பாத்திருக்கீங்களா? அவன் பின்னாலதான் வருவான். நொண்டி ஆடு எதுவோ அது நடைக்குத்தான் மந்தை நடக்கும்" என்றார்.

நான் கல்லூரியில் படித்தவள். பதில் ஒன்றும் தோன்றவில்லை.

பெண்ணுக்கு நடந்தது இவ்வளவுதான்: சமதரையில் அவள் வண்டி எங்களுடையதை எல்லாம்விட லேசு. வேகமாகப் போய்விட்டாள். கவரில் யாரும் இல்லை. நாங்களும் பின்னால் வருகிறோம் என்று நினைத்துக் கொண்டு, மலை தெரிகிற பக்கம் திரும்பிவிட்டாள். வேறு எந்தப் பக்கம் திரும்புவாள்?

அங்கேயே புது ஏற்பாடு செய்தோம். எல்லோரையும்விட மெதுவாக வருகிற பாங்கி அம்மாள் முன்னால். அவர் வேகந்தான் எல்லோருக்கும் வேகம். கடைசியில் டீச்சர், அவரைத் தாண்டி யாரும் பின் தங்கக் கூடாது. ஒவ்வொரு கவரிலும் நின்று ஏழு தலை எண்ணிய பிறகே அடுத்த மிதி. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஊதல் வேண்டும். அன்றைக்கு ஊதல் இல்லாததால் சைக்கிள் மணி. சங்கடம் என்னவென்றால், இப்படிப் போனபோது நாங்கள் முன்னைவிடச் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தோம். தென்னை மரங்களுக்கு மேலே ஆண்டாள் கோவில் கோபுரம் எழுந்தது. 192 அடிக் கோபுரம். பாதை தவறிய பேருக்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

தேர் வீதிப் பக்கம் சைக்கிள்களைச் சாத்திவிட்டுச் சுடச் சுடப் பால்கோவா வாங்கிச் சாப்பிட்டோம். ருசியைப் பற்றி எழுத எனக்கு உத்தரவு வேண்டியதில்லை. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். ஆனால் அன்று யாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கவில்லை. குட்டி யானையில் திரும்பும்போது பேச்சு வேறு திசையில் போயிற்று.

"அத்தைகிட்ட இத எல்லாம் சொல்ல வேண்டாம்" என்றார் சகோதரி மெல்ல. "சொன்னா அதோட சரி. இனிமே இவளையும் விட மாட்டாங்க, என்னையும் விட மாட்டாங்க."

மற்ற நால்வரும் தலையசைத்தார்கள். என்னைப் பார்த்தார்கள். நான் விருந்தாளி, தப்புச் செய்த விருந்தாளி. சொல்லத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மறு நாள் ரயிலேறி ஊருக்குப் போய்விடுகிறவளுக்கு உண்மை பேசுவது சுலபம். அந்த வீட்டில் இருக்கப் போகிறவர் அவர் அல்லவா? ஒன்றும் சொல்லாமல் வந்தேன். பெண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் இறங்கினோம். மாமியார் படியில் நின்றிருந்தார். எத்தனை நேரமாக நின்றாரோ! எங்களை ஒவ்வொருவராக எண்ணுவது போல் பார்த்தார். பெண் நேரே அவரிடம் போய், "அப்பத்தா, நான் வழி தவறிட்டேன்" என்றாள். ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஓடை, காடு, நாய், கஞ்சி, ஆட்டு மந்தை உட்பட. நானும் முன்னால் போய், "தப்பு என்னுடையதுதான்மா" என்றேன்.

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. உள்ளே போனார். எல்லோருக்கும் இலை போட்டுத் தாமே பரிமாறினார். ரசம் வரைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை. மோர் ஊற்றும்போது மருமகளைக் கேட்டார்:

"கஞ்சி குடுத்தாளே, அவளுக்குப் புள்ள குட்டி இருக்கா?"

"ரெண்டு பொண்ணு இருக்குன்னாங்க அத்தை."

"பொங்கலுக்கு எடுத்த சீலை ஒண்ணு பீரோவிலே மடிப்புக் கலையாம இருக்கு. அடுத்த தடவை அந்தத் தோப்பு வழியாத்தானே போவீங்க? கொண்டு போய்க் குடுத்துட்டு வாங்க. அமாவாசை அன்னிக்குப் போகாதீங்க, சதுரகிரிக் கூட்டம் ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்கும்."

போன வாரம் மறுபடி ஒரு கடிதம் வந்திருக்கிறது. மாசி மாதத்து இரண்டாவது ஞாயிறு என்று நாள் குறித்திருக்கிறார்கள். சைக்கிள் இப்போது ஒன்பது. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவருக்கு வயது ஐம்பத்தாறு. அவர்தான் முன்னால் போகப் போகிறாராம். ஊதல் இரண்டு வாங்கியாயிற்று. சீலையின் நிறம் கத்தரிப்பூ.